கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பாலிமர் இறுக்குவது: முழுமையான வழிகாட்டி

குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ ஃபைபர் வள்ளம் கட்டும் கொட்டகைக்குப் போனால் இதைப் பார்க்கலாம். பக்கெட்டில் பாலியெஸ்டர் ரெசின், அதில் வினையை வேகப்படுத்தக் கொஞ்சம் கோபால்ட். ஹார்டனரை ஊற்றிக் கலக்கிய கணத்திலிருந்து எல்லார் கையும் வேகமெடுக்கும். கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் தடவி, ரோலர் உருட்டி முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டால் மிச்ச ரெசின் பக்கெட்டிலேயே இறுகிச் சூடேறிப் புகையும். பல் மருத்துவருக்கு அந்த அவசரம் இல்லை. பசையைக் குழியில் வைத்து, நிதானமாக வடிவம் கொடுத்து, திருப்தியானதும் நீல லைட்டை 20 விநாடி காட்டுவார். பல் ரெடி.

இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே வகை வேதிவினைதான். சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. பாடப்புத்தகம் இதைப் பலபடியாக்கல் என்கிறது. வித்தியாசம், வினையின் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பதில். ஹார்டனர் கலந்தபின் வினை உங்கள் பேச்சைக் கேட்காது. ஒளியில் இறுகும் ரெசினில் எப்போது, எங்கே இறுக வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்பவர்களையும், பெரிய கருவி எதுவும் இல்லாத ஆய்வகத்தில் இதைச் செய்து காட்ட நினைக்கும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனை சரியாக வரவில்லை என்றால் எல்லாரும் கெமிக்கல் பாட்டிலைத்தான் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி பாட்டில் இல்லை. லைட்டும் காற்றும்தான்.

ரப்பர் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாலில் ஆசிட் ஊற்றி டிஷ்ஷில் உறைய வைத்து ஷீட் அடிப்பது பலபடியாக்கல் இல்லை. ரப்பர் பாலில் பாலிமர் ஏற்கெனவே இருக்கிறது, மரமே செய்து கொடுத்துவிட்டது. ஆசிட் செய்வது, மிதக்கும் துகள்களை ஒன்றுசேர்ப்பது மட்டுமே. இங்கே நாம் பார்க்கப் போவது சங்கிலியே இல்லாத திரவத்திலிருந்து சங்கிலி உண்டாக்கும் வேலை.

ஒளி உள்ளே என்ன செய்கிறது

கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். 470 நானோமீட்டர் நீல ஒளியில் இருப்பது 254 கிலோஜூல். 525 பச்சையில் 228தான். ஆக, கண்ணுக்குத் தெரியும் ஒளியை நேராக மோனோமர் (சங்கிலியாகச் சேர வேண்டிய அந்தச் சின்ன மூலக்கூறு) மேல் அடித்தால் எதுவும் நடக்காது. அது பாட்டுக்கு உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடும். நடுவில் ஒரு தரகர் வேண்டும். அதுதான் ஒளித்தொடக்கி.

தரகர்களில் இரண்டு வகை. முதல் வகை, ஒளி பட்டதும் தானே இரண்டாக உடைந்து ரேடிக்கல்களைத் தரும். ரேடிக்கல் என்பது ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு துடித்துக்கொண்டிருக்கும் துண்டு, சங்கிலியைத் தொடங்குவது அதுதான். ரெசின் 3டி பிரிண்டரில் இருக்கும் பாஸ்பீன் ஆக்ஸைடுகள் (டி.பி.ஓ., பாப்போ) இப்படிப்பட்டவை. அவற்றின் கார்பன்–பாஸ்பரஸ் பிணைப்பு பலவீனமானது. 405 நானோமீட்டர் ஊதா ஒளியே அதற்குப் போதும். பிரிண்டர்களில் 405 லைட் இருப்பது இதனால்தான்.

இரண்டாம் வகைக்கு ஜோடி வேண்டும். நிறமுள்ள ஒரு மூலக்கூறு, அதாவது சாயம், ஒளியை வாங்கிக் கிளர்ச்சியடையும். பக்கத்தில் இருக்கும் அமீன் என்ற நைட்ரஜன் சேர்மத்திடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறிக்கும். எலக்ட்ரானை இழந்த அமீன் ஒரு புரோட்டானையும் விட்டுவிட்டு ரேடிக்கலாக மாறும். சங்கிலியைத் தொடங்கி வைப்பது சாயம் இல்லை, இந்த அமீன் ரேடிக்கல்தான். அமீனை எடைபோட மறந்துவிட்டு நாள் முழுக்க லைட் அடித்தாலும் பலன் இருக்காது.

பல் ரெசினில் இருக்கும் சாயம் கேம்ஃபர்குயினோன். நாம் சாமிக்கு ஏற்றும் கற்பூரத்தை ஆக்ஸிஜனேற்றம் செய்து தயாரிக்கும் மஞ்சள் நிறத் தூள். 468 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை அதிகம் உறிஞ்சும். நீரில் செய்யும் சோதனைகளுக்கு ஈயோசின் ஒய் நல்லது. உயிரியல் துறையில் செல்களுக்குச் சாயமேற்ற வைத்திருக்கும் அதே ஈயோசின்தான். இது பச்சை ஒளிக்கு ஆள். ஒளியும் சாயமும் சேர்ந்தால் பாலிமர் உண்டாகும் என்பதை 1954இல் ஜெரால்டு ஆஸ்டர் வெளியிட்டார். அதற்கும் முன்னால் 1820களிலேயே பிரான்சில் நியப்ஸ் ஒருவகைத் தாரைத் தகட்டில் பூசி வெயிலில் வைத்து, ஒளி பட்ட இடம் மட்டும் இறுகுவதை வைத்துப் படமே பிடித்துவிட்டார்.

படி 1: முதலில் லைட், பிறகு கெமிக்கல்

லைட்டின் நிறமும் தொடக்கியின் உறிஞ்சு நிறமும் ஒத்துப்போக வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் போதும். கல்யாண மண்டபத்திலும் ஆட்டோவிலும் ஒட்டுகிறார்களே, அதுதான். நீல ஸ்ட்ரிப் ஏறத்தாழ 465–470 நானோமீட்டர். கேம்ஃபர்குயினோனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. பச்சை ஸ்ட்ரிப் 520–525. ஈயோசினுக்கு அது. காலி பெயின்ட் டப்பாவைக் கழுவி, உட்புறம் அலுமினியம் ஃபாயில் ஒட்டி, அதன்மேல் ஸ்ட்ரிப்பைச் சுருளாகச் சுற்றி ஒட்டுங்கள். நடுவில் மாதிரியை வைக்க ஒரு சின்ன மேடை, மேலே ஒரு குட்டி ஃபேன். ஃபேனை விட்டுவிடாதீர்கள். எல்.இ.டி. சூடு மாதிரியில் ஏறினால், இறுகியது ஒளியாலா சூட்டாலா என்று வைவாவில் கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

“வெயிலே போதாதா சார்?” என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உச்சி வெயில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிவாட் தருகிறது. ஆனால் அது எல்லா நிறமும் வெப்பமும் சேர்ந்த கணக்கு. பல் மருத்துவரின் லைட்டோ நீலத்தில் மட்டுமே 1000 மில்லிவாட் பக்கம் கொடுக்கும். வெயிலில் புற ஊதாவும் கலந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளிதான் வேலை செய்தது என்று நிரூபிக்க முடியாது. அதோடு நம்ம மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்யும். காலையில் இருந்த வானம் மதியம் இருக்காது. வெயில் செய்து காட்டுவதற்கு நல்லது, அளவிடுவதற்கு ஆகாது.

வெள்ளை எல்.இ.டி. பல்பைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். அதன் உள்ளே இருப்பது 450 நானோமீட்டர் பக்கத்து நீலச் சில்லும், மேலே மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சும். ஆய்வகக் கூரை லைட்டே கேம்ஃபர்குயினோன் கலவையை மெல்ல இறுக்கிவிடும் என்று அர்த்தம். பல் மருத்துவர்கள் பசையை வைத்து வேலை செய்யும்போது மேல் விளக்கை ஆரஞ்சு வடிகட்டியால் மறைப்பதும் இதனால்தான்.

ஆகவே கலவை தயாரிக்கும் மேசைக்குச் சிவப்பு வெளிச்சம் வேண்டும். சாமி படத்துக்கு மாட்டும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் எல்.இ.டி. பல்பு பிரமாதமாக வேலை செய்யும். நம்புவதற்கு முன் சோதித்துவிடுங்கள். கலவையில் சில துளிகளை அந்தப் பல்பின் அடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். திரவமாகவே இருந்தால் பல்பு பாஸ்.

படி 2: சாயம் எவ்வளவு போடுவது

எல்லாரும் சறுக்கும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

சாயம் கூடினால் வினை வேகமாகும் என்று மனசு சொல்லும். மேற்பரப்பில் அது உண்மைதான். ஆனால் மேலடுக்கே ஒளியை முழுங்கிவிட்டால் அடியில் இருப்பதற்கு என்ன மிஞ்சும்? மேலே தோல் கட்டி, அடியில் தண்ணீராக நிற்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஈயோசினின் மோலார் உறிஞ்சுதல் அதன் உச்சத்தில் சுமார் 90,000 (லிட்டர்/மோல்.செ.மீ). 0.1 மில்லிமோலார் கரைசலில் ஒரு சென்டிமீட்டருக்கு உறிஞ்சுதல் 9. (உறிஞ்சுதல் 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் வரும், 2 என்றால் நூறில் ஒரு பங்கு.) ஒரு மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் 87 சதவீத ஒளி காலி. ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இருட்டு. கேம்ஃபர்குயினோன் இதற்கு நேர் எதிர். அதன் மோலார் உறிஞ்சுதல் வெறும் 40 சொச்சம். அதனால் ஈயோசினைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் போட்டால்தான் அதே அளவு ஒளியைப் பிடிக்கும்.

சரி, எவ்வளவுதான் போடுவது? மாதிரியின் அடிப்பகுதியில் வினை அதிகபட்ச வேகத்தில் நடக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, பீர்–லாம்பெர்ட் விதியை (ஆழம் கூடக் கூட ஒளி எப்படிக் குறையும் என்று சொல்வது) வைத்து வகையிடல் செய்தால் அழகான ஒரு விடை வரும்: முழுத் தடிமனுக்குமான உறிஞ்சுதல் 0.43 ஆக இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு துளி சாயம் சேர்த்தாலும் அடிப்பகுதி மெதுவாகத்தான் இறுகும்.

இந்த எண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஈயோசின் 0.05 மில்லிமோலார். ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு 0.005. இரண்டு மில்லிமீட்டர் தடிமன் ரெசினுக்கு கேம்ஃபர்குயினோன் 54 மில்லிமோலார், எடையில் ஏறத்தாழ 0.8 சதவீதம். பல் பசைகளில் இருப்பதும் கிட்டத்தட்ட இந்த அளவுதான். பல் மருத்துவர்கள் இரண்டு மில்லிமீட்டர் அடுக்காக வைத்து வைத்து இறுக்குவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். பசையில் இருக்கும் கண்ணாடித் துகள் ஒளியைச் சிதறடிப்பது இன்னொரு காரணம்.

உங்கள் ஸ்ட்ரிப்பின் நிறம் உச்சத்தோடு துல்லியமாகப் பொருந்தாது என்பதால் உண்மையான உறிஞ்சுதல் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். கணக்கில் வந்த அளவிலிருந்து தொடங்கி, பாதி அளவிலும் இரட்டை அளவிலும் செய்து பார்த்தால் நல்லது.

படி 3: கலவை தயாரிப்பது

நான் சிபாரிசு செய்வது நீர்க்கரைசலில் செய்யும் ஜெல்லைத்தான். வாசனை இல்லை, வெப்பம் குறைவு, விளைவு கண்ணுக்குத் தெரியும். பத்து மில்லி கலவைக்கு:

- பாலிஎத்திலீன் கிளைகால் டைஅக்ரிலேட் (மூலக்கூறு எடை 700) – 2 கிராம்
- ட்ரைஎத்தனால் அமீன் – 0.34 கிராம்
- ஈயோசின் ஒய் – 1 மில்லிமோலார் கரைசலில் 0.5 மில்லி
- காய்ச்சி வடித்த நீர் – மொத்தம் 10 மில்லி வரும் வரை

ஈயோசின் கரைசலைத் தனியாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 6.9 மில்லிகிராம் டைசோடியம் உப்பு, 10 மில்லி நீர். பாட்டிலை ஃபாயிலால் சுற்றிவிடுங்கள். 0.35 மில்லிகிராமை நேராக எடைபோடுவேன் என்று தராசோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

முதலில் ஆறு மில்லி நீரில் அமீனைக் கரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 8க்குக் கொண்டுவாருங்கள். அமிலம் கூடிவிட்டால் அமீனின் நைட்ரஜன் புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கொடுக்க அதனிடம் எலக்ட்ரான் இருக்காது. அப்புறம் டைஅக்ரிலேட், மற்ற விளக்கை எல்லாம் அணைத்துச் சிவப்பு பல்பைப் போட்டபின் ஈயோசின், கடைசியில் 10 மில்லி வரும் வரை நீர். பகல் வெளிச்சத்தில் இந்தக் கரைசல் ஆரஞ்சு-இளஞ்சிவப்பாகவும், ஓரத்தில் பச்சை மினுக்கத்தோடும் தெரியும். சிவப்பு விளக்கில் நிறமே தெரியாது. போட்டேனா இல்லையா என்ற சந்தேகம் வரும், அதனால் குறிப்பேட்டில் டிக் அடித்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வினைல் பைரோலிடோனும் சேர்ப்பதைப் பார்ப்பீர்கள். வேகத்தைக் கூட்டும்தான், ஆனால் உடம்புக்கு ஆகாத பொருள். மாணவர் சோதனைக்கு அது இல்லாமல் கொஞ்சம் மெதுவாக நடந்தால் போகட்டும்.

கெட்டியான ரெசின்தான் வேண்டும் என்றால் 10 கிராம் ட்ரைஎத்திலீன் கிளைகால் டைமெத்தாக்ரிலேட்டில் 0.08 கிராம் கேம்ஃபர்குயினோனும், அதே எடை எத்தில் 4-டைமெத்தில் அமினோ பென்சோயேட்டும் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் சில கிராமுக்கு மேல் இறுக்காதீர்கள். மெத்தாக்ரிலேட்டின் ஒவ்வொரு மோல் இரட்டைப் பிணைப்பும் 55 கிலோஜூல் அளவுக்கு வெப்பம் விடும், அக்ரிலேட் 80 அளவுக்கு. வள்ளக் கொட்டகை பக்கெட் புகைவது ஏன் என்று இப்போது புரியும்.

மோனோமர் பாட்டில்களில் தானே இறுகாமலிருக்க எம்.இ.எச்.க்யூ. என்ற தடுப்பான் போட்டிருப்பார்கள். அது வேலை செய்ய ஆக்ஸிஜன் வேண்டும். பாட்டிலில் நைட்ரஜனை நிரப்பி ‘பத்திரமாக’ வைக்கிறேன் என்று ஆரம்பித்தால் பாட்டிலே கட்டியாகலாம். கொஞ்சம் காற்று இடம் விட்டு, ஃப்ரிட்ஜில், இருட்டில் வையுங்கள்.

படி 4: காற்றை விரட்டுவது

ஆக்ஸிஜன் இந்த வினையின் பரம எதிரி. வளரும் ரேடிக்கல் அடுத்த மோனோமரோடு சேருவதைவிடக் குறைந்தது பத்தாயிரம் மடங்கு வேகமாக ஆக்ஸிஜனோடு சேர்ந்துவிடும். சேர்ந்தபின் வரும் பெராக்ஸி ரேடிக்கல் சோம்பேறி, சங்கிலியை வளர்க்காது. நம்ம ஊர் சூட்டில், 30 டிகிரியில், காற்றில் திறந்து வைத்த நீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். மோலில் சொன்னால் நாம் போட்ட ஈயோசினைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு.

ஈயோசினிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட ஈயோசினை ஆக்ஸிஜன் திரும்பப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். அதே சாயம் மறுபடி மறுபடி சுற்றில் வந்து, ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிடும். அதனால்தான் திறந்த காற்றிலும் ஈயோசின் கலவை ஓரளவு இறுகுகிறது. கேம்ஃபர்குயினோன் கலவையில் இந்தச் சலுகை கிடையாது.

நைட்ரஜன் சிலிண்டர் இருந்தால் மெல்லிய ஊசி வழியாக 10–15 நிமிடம் குமிழ்விடுங்கள். இல்லையென்றால் நீரைக் கொதிக்க வைத்து, மூடியபடியே ஆற வைத்து உடனே பயன்படுத்துங்கள். எதுவுமே முடியாவிட்டாலும் ஒன்று மட்டும் கட்டாயம்: மாதிரியின் மேல்பக்கம் காற்று படாதபடி கண்ணாடியாலோ ஓ.எச்.பி. ஷீட்டாலோ (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) மூடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

படி 5: அச்சும் ஒளியும்

ஒரு மைக்ரோஸ்கோப் ஸ்லைடு, அதன் இரு ஓரத்திலும் இடைவெளிக்காக உடைத்து வைத்த ஸ்லைடு துண்டுகள், மேலே இன்னொரு ஸ்லைடு. ஸ்லைடின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் பக்கம் என்பதால் நமக்கு வேண்டிய இடைவெளி தானாகக் கிடைத்துவிடும். இரண்டு பைண்டர் கிளிப்பால் பிடியுங்கள். ஊசியால் கலவையை மெல்ல விட்டு நிரப்பும்போது, கடுகளவு காற்றுக்குமிழ் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவையுங்கள். ரெசின் கலவையாக இருந்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இரு பக்கமும் ஓ.எச்.பி. ஷீட் கொடுங்கள்.

அந்தக் குமிழ்தான் உங்கள் கருவி. டப்பாவுக்குள் வைத்து, லைட்டைப் போட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அச்சைச் சாய்த்துப் பாருங்கள். முதலில் குமிழ் சாய்த்த பக்கமெல்லாம் வழுக்கி ஓடும். கொஞ்ச நேரம் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். இது ஆக்ஸிஜன் தீரும் நேரம், பொறுமை வேண்டும். பிறகு ஒரு கட்டத்தில் குமிழ் தயங்கித் தயங்கி நகரும், அடுத்த முறை சாய்க்கும்போது அசையாது. அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் ஜெல் நேரம். கூடவே நிறத்தையும் பாருங்கள். லைட் பட்ட பக்கத்திலிருந்து இளஞ்சிவப்பு வெளுத்துக்கொண்டு வரும். எல்.இ.டி. ஸ்ட்ரிப்புக்கு விநாடிக் கணக்கு எதிர்பார்க்க வேண்டாம், நிமிடக் கணக்குதான். குமிழ் நின்றபிறகும் அதே அளவு நேரம் கூடுதலாக ஒளி கொடுங்கள். ஜெல்லாகிவிட்டது என்றால் வினை முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை.

நல்ல ப்ராஜெக்ட் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒளியின் செறிவை மாற்றி மாற்றி இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஆக்ஸிஜன் தீரும் காத்திருப்பு நேரம் செறிவுக்கு எதிர்விகிதத்தில் மாறும்: ஒளி கால்வாசியானால் காத்திருப்பு நான்கு மடங்கு. ஆனால் அதற்குப் பிறகு நடக்கும் வினையின் வேகம் செறிவின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும்: ஒளி கால்வாசியானால் வேகம் பாதிதான் குறையும். காரணம், சங்கிலிகள் இரண்டிரண்டாக மோதி முடிவதுதான். ஒளி குறைவாக இருந்தால் ரேடிக்கல்கள் குறைவு, மோதலும் குறைவு, ஒவ்வொரு சங்கிலியும் இன்னும் நீளமாக வளரும். செறிவையும் நேரத்தையும் பெருக்கி ‘ஒரே டோஸ், ஒரே பலன்’ என்று எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். மங்கலான லைட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓரத்திலிருந்து புதுசாக ஆக்ஸிஜன் கசிந்து வரும் வேகம் வினையை முந்திவிட்டால் எத்தனை மணி நேரம் ஆனாலும் இறுகாது.

செறிவை மொபைல் லக்ஸ் ஆப்பில் அளக்காதீர்கள். அது மனிதக் கண்ணின் உணர்திறனுக்கு ஏற்ப அளப்பது. நீலத்தை ரொம்பக் குறைத்துக் காட்டும். மலிவான சிலிக்கான் போட்டோடையோடு ஒன்றும் மல்டிமீட்டரும் இருந்தால் ஒரே நிறத்துக்குள் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். நீல ஒளிக்கு மட்டும் உண்மையான எண் வேண்டுமென்றால் பொட்டாசியம் ஃபெர்ரிஆக்சலேட் ஆக்டினோமெட்ரி (வேதிவினையை வைத்து ஒளியை அளப்பது) செய்யலாம், எம்.எஸ்சி. ஆய்வகத்தில் அதற்கு வேண்டியதெல்லாம் இருக்கும்.

படி 6: உண்மையில் ஒளிதானா?

நான்கு சின்னக் கண்ணாடிக் குப்பிகளைக் கூடவே வையுங்கள். ஒன்றில் எல்லாம் உண்டு, ஃபாயில் சுற்றியது. ஒன்றில் சாயம் இல்லை. ஒன்றில் அமீன் இல்லை. நான்காவதில் எல்லாம் உண்டு, சிவப்பு லைட்டில் வைத்தது. இந்த நான்கும் திரவமாகவே இருந்து, பச்சை லைட்டில் வைத்த முழுக் கலவை மட்டும் இறுகினால்தான் உங்கள் கதை நிற்கும். பல ப்ராஜெக்ட் அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது இந்தப் பக்கத்தைத்தான்.

படி 7: எவ்வளவு இறுகியது

ஜெல்லை எடுத்து நீரில் போட்டு, ஒரு நாள் முழுக்க, பலமுறை நீரை மாற்றிக் கழுவுங்கள். சேராத மோனோமரும் சாயமும் வெளியேறிவிடும். 60 டிகிரி ஓவனில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். ஒரு மில்லி கலவை ஊற்றியிருந்தால் அதில் 0.2 கிராம் டைஅக்ரிலேட் இருந்திருக்கும். கிடைத்த உலர் எடையை அதனால் வகுத்தால் ஜெல் பின்னம். மழைக்காலத்தில் செய்தால் உலர்ந்த துண்டு தராசுத் தட்டில் இருக்கும்போதே ஈரத்தை இழுத்து எடை ஏறுவதைப் பார்ப்பீர்கள். ஈரம் புகாத டெசிகேட்டர் பாத்திரத்தில் ஆற வைத்து, எடுத்த கையோடு எடை போடுங்கள்.

எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலைக் கருவி) வசதி இருந்தால், மெத்தாக்ரிலேட்டில் 1638 செ.மீ⁻¹ பக்கத்தில் இருக்கும் இரட்டைப் பிணைப்பின் உச்சி, அக்ரிலேட்டில் 810 பக்கத்தில் இருப்பது, எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். 1720இல் இருக்கும் கார்பனைல் உச்சி மாறாது, அதோடு ஒப்பிடுங்கள். ரெசினுக்கு இறுகிய ஆழத்தை அளக்கக் கருவியே வேண்டாம். கறுப்பு ஸ்ட்ராவின் நறுக்கிய துண்டில் கலவையை நிரப்பி, ஒரு முனையிலிருந்து மட்டும் ஒளி அடித்து, வெளியே தள்ளி, மெத்தென்று இருக்கும் பகுதியைப் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். மிஞ்சிய நீளத்தில் பாதிதான் நம்பத்தக்க ஆழம். பல் ரெசின்களுக்கான ஐ.எஸ்.ஓ. 4049 தரம் கேட்பதும் இப்படி இரண்டால் வகுத்த எண்ணைத்தான்.

கைகொடுக்காத நாட்களில்

மேற்பரப்பு பிசுபிசுப்பு: ஆக்ஸிஜன். மூடி வையுங்கள், அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

மேலே தோல், அடியில் தண்ணீர்: சாயம் அதிகம். படி 2க்குத் திரும்புங்கள்.

நிறம் முழுக்க வெளுத்தும் திரவமாகவே இருக்கிறது: தொடக்கி தீர்ந்துவிட்டது, சங்கிலி வளரவில்லை. அமீனின் பி.எச்., கரைந்த ஆக்ஸிஜன் இரண்டையும் பாருங்கள்.

விரிசல், வளைவு: சுருக்கம். கலப்படமில்லாத டைமெத்தாக்ரிலேட் இறுகும்போது கன அளவில் பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கும். துகள் நிரப்பிய பல் பசையில் இது இரண்டு மூன்று சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. மெல்லிய அடுக்காகச் செய்யுங்கள்.

வெள்ளை நிறமி சேர்த்ததும் இறுகவில்லை: இது மணவாளக்குறிச்சி மணலின் வேலை. அங்கே பிரிக்கும் இல்மனைட் மாதிரித் தாதுவிலிருந்துதான் டைட்டானியம் டை ஆக்ஸைடு வருகிறது. அது 400 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை விழுங்கும், அதற்கு மேல் உள்ளதைச் சிதறடிக்கும். வெள்ளை ரெசினுக்கு 405ஐவிட 470 நல்லது, அதுவும் மெல்லிய அடுக்கில்.

கையும் கண்ணும்

அக்ரிலேட்டுகளால் வரும் பெரிய ஆபத்து விஷம் இல்லை, ஒவ்வாமை. ஒருமுறை தோல் பழகி ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு போகாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். சின்ன மோனோமர்கள் மெல்லிய கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவும் என்பதால் சிந்தியதும் கழற்றி மாற்றுங்கள். நீல லைட்டை நேராகப் பார்க்காதீர்கள், ஆரஞ்சு கண்ணாடி போடுங்கள். இந்தக் கலவை எதையும் நகத்திலோ பல்லிலோ தோலிலோ வைத்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். நெயில் ஜெல்லில் இருந்த டி.பி.ஓ.வை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் அழகுப் பொருட்களில் தடைசெய்துவிட்டது.

மிச்சக் கலவையை சிங்க்கில் ஊற்றினால் அது ஓடை வழியாகப் பழையாற்றுக்குத்தான் போகும். தட்டையான ட்ரேயில் பரப்பி, ஓ.எச்.பி. ஷீட்டால் மூடி, ஒரு நாள் மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். கட்டியான பிறகு திடக் கழிவாக அப்புறப்படுத்தலாம்.

வள்ளத்துக்கு ஆகுமா?

“அண்ணே, அப்ப ஹார்டனரே வேண்டாமா?” என்று வள்ளம் கட்டுகிறவர்கள் கேட்கலாம். வெயிலில் இறுகும் பாலியெஸ்டர் ரெசின்கள் உலகச் சந்தையில் உண்டு. அலைச்சறுக்குப் பலகையில் விழும் விரிசலை அடைக்க அவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். பாப்போ வகைத் தொடக்கி போட்டது. கண்ணாடி இழை மேட் ரெசினில் நனைந்ததும் கண்ணாடி போலத் தெளிவாவதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் நெருக்கமாக இருப்பதால் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. அதனால் சில மில்லிமீட்டர் ஒட்டு நன்றாகவே இறுகும்.

என் கருத்து: கடலுக்குப் போகும் அவசரத்தில் சின்ன விரிசலை அடைக்க இது வசதியானது. நிதானமாகத் தடவிச் சரிசெய்துவிட்டு, கடைசியில் மறைப்பை எடுத்து வெயில் காட்டலாம். முழு வள்ளத்துக்கு வேண்டாம். தடித்த இடங்களிலும், விலாக் கட்டைக்குப் பின்னாலும், ஜெல்கோட் என்ற நிறமிட்ட வெளிப்பூச்சுக்கு அடியிலும் ஒளி எட்டாது. எட்டாத இடத்தில் இறுகாத ரெசின் நிற்கும். அங்கே பழைய ஹார்டனர்தான் சரி. அதிலும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ரெசின் இல்லாமல் நேருக்கு நேர் ஒருபோதும் கலக்காதீர்கள், வெடிக்கும்.

இன்னும் மேலே போக நினைப்பவர்கள் சிவப்பு ஒளிப் பக்கம் போகலாம். ஆஸ்திரேலியாவில் சிரில் போயர் குழு 2015இல் பசலை வகைக் கீரையிலிருந்து எடுத்த குளோரோஃபில்லை வைத்து, சங்கிலியின் நீளத்தையே கட்டுப்படுத்தும் பலபடியாக்கலைச் செய்து காட்டியது. லைட்டை அணைத்தால் வளர்ச்சி நிற்கும், போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்கு ராஃப்ட் என்ற கந்தகச் சேர்மமும், ஆக்ஸிஜன் இல்லாத சூழலும், மூலக்கூறு எடை அளக்க ஜி.பி.சி. கருவியும் தேவைப்படும். அதைத் தொடங்குவதற்கு முன் மேலே சொன்ன நான்கு குப்பிச் சோதனையைப் பிசகில்லாமல் முடித்துவிடுங்கள்.